லேசர் பீரங்கியும் ஆறாம் தலைமுறை விமானமும்: கணக்கு எங்க இடிக்குது?

2024 டிசம்பர் 26 அன்னிக்கு சீனாவோட செங்டு நகரத்துக்கு மேல வால் இல்லாத, மூணு என்ஜின் வச்ச ஒரு புது விமானம் பறக்குற வீடியோ வெளிய வந்துச்சு. மூணு மாசம் கழிச்சு 2025 மார்ச் 21ல எஃப்-47ங்கிற ஆறாம் தலைமுறை போர் விமானத்தை போயிங் செய்யப்போகுதுன்னு அமெரிக்கா அறிவிச்சது, அதே வருஷம் செப்டம்பர்ல பெய்ஜிங் அணிவகுப்புல கப்பலுக்கான எல்ஒய்-1 லேசர் ஆயுதத்தை பெரிய லாரி மேல ஏத்தி ஓட்டிக் காட்டினாங்க, டிசம்பர்ல இஸ்ரேல்ல அயர்ன் பீம் லேசரை ராணுவத்து கையில ஒப்படைச்சாங்க. இப்படி ஒண்ணு மேல ஒண்ணா செய்தி வந்ததுல நிறைய பேருக்கு எது நிஜம் எது கற்பனைன்னே புரியல. அடுத்த போர் விமானம் ஒலியை விட ஆறு மடங்கு வேகத்துல போய் லேசரால எல்லாத்தையும் சுட்டுத் தள்ளும்னு ஒரு பக்கம் நம்புறாங்க, இது எல்லாமே வெறும் விளம்பரம்னு இன்னொரு பக்கம் அடிச்சு சொல்றாங்க.

ரெண்டுமே தப்பு. ஏன் தப்புன்னு புரியணும்னா ஒரே ஒரு கேள்வியை கையில வச்சுக்கிட்டா போதும்: சூடு எங்க போகும்? லேசர் ஆயுதம் வேலை செய்யறதும் சூட்டாலதான், அதை விமானத்துல வைக்க முடியாம தடுக்கறதும் சூடுதான், வேகமா பறக்க முடியாம தடுக்கறதும் அதே சூடுதான். அடிப்படையில இருந்து வருவோம்.

லேசர் ஆயுதம் உண்மையில என்ன செய்யுது

லேசர்ங்கிறது ஒரே அலைநீளத்துல, ஒரே திசையில, ஒழுங்கா அணிவகுத்துப் போற ஒளி. 1960ல தியடோர் மைமன் ரூபி கல்லை வச்சு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். சாதாரண விளக்கோட வெளிச்சம் நாலா பக்கமும் சிதறிடும், லேசர் ஒளி சிதறாம ரொம்ப தூரம் போகும், அதுனால அதோட சக்தி முழுசையும் ஒரு சின்ன புள்ளியில குவிக்கலாம். இவ்வளவுதான் அடிப்படை.

இதுல முதல்ல உடைக்க வேண்டிய தப்பெண்ணம், லேசர் பட்ட உடனே பொருள் வெடிச்சு சிதறும்ங்கிறது. வெடிக்காது. லேசர் செய்யறது சூடு பண்றது, அதுவும் நிதானமா. 100 கிலோவாட் லேசர் 5 விநாடி தொடர்ந்து அடிச்சா மொத்தமா வெளிய போற சக்தி 5 லட்சம் ஜூல். ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்துல சுமார் 42 லட்சம் ஜூல் இருக்கு. அதாவது இந்த பெரிய லேசர் 5 விநாடியில கொடுக்குறது 120 கிராம் வெடிமருந்தோட சக்திதான், ஆனா அந்த சக்தி அத்தனையும் நாணயம் அளவு இடத்துல போய் விழுது, அங்கதான் அதோட பலம் இருக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு டிரோனோட தோல் 2 மில்லிமீட்டர் அலுமினியம்னு வச்சுக்குவோம்.

1. அதுல ஒரு சதுர சென்டிமீட்டர் துண்டோட எடை சுமார் அரை கிராம். அதை உருகுற வரைக்கும் சூடு பண்ணி, உருக்கவும் செய்யறதுக்கு ஏறத்தாழ 525 ஜூல் வேணும்.
2. அந்த ஒரு சதுர சென்டிமீட்டர் மேல விநாடிக்கு 1000 ஜூல், அதாவது 1 கிலோவாட் விழுதுன்னு வச்சுக்குவோம். அலுமினியம் பளபளப்பா இருந்தா பெரும்பகுதியை திருப்பி அனுப்பிடும், 10 சதவீதம்தான் உள்ள வாங்கும்னு எடுத்துக்கிட்டா விநாடிக்கு 100 ஜூல்தான் உள்ள போகும்.
3. அப்போ ஓட்டை விழ 5 விநாடிக்கு மேல ஆகும். பெயின்ட் அடிச்ச, அழுக்கு படிஞ்ச தோலா இருந்தா அதிகமா உறிஞ்சும், நேரம் குறையும். பிளாஸ்டிக், ஃபைபர் உடம்பா இருந்தா இன்னும் சீக்கிரம் எரிஞ்சுடும்.

இந்த அஞ்சு விநாடியைத்தான் பிடிச்சு நிக்கிற நேரம்னு சொல்லலாம், லேசர் ஆயுதத்தைப் பத்தின எல்லா பேச்சும் கடைசியில இங்கதான் வந்து நிக்கும். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகுது, கண்ணை மூடி திறக்கறதுக்குள்ள இலக்கைத் தொட்டுடும், அது சரி, ஆனா தொட்ட பிறகு அதே புள்ளியில அஞ்சு விநாடி நிக்கணுமே. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்துல போற டிரோன் அந்த நேரத்துல 250 மீட்டர் நகர்ந்திருக்கும், நடுவுல ஆடும், திரும்பும், அப்பவும் கதிர் அதே சின்ன இடத்தை விட்டு விலகக் கூடாது. விலகிட்டா சூடு ஆறிப்போகும், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

கதிருக்கு வழியில வர்ற தடைகள்

முதல் தடை ஒளியோட இயல்பு. எவ்வளவு சுத்தமான லேசரா இருந்தாலும் தூரம் போகப் போக கதிர் விரியும், இதை டிஃப்ராக்‌ஷன்னு சொல்றாங்க. இதுக்கு மருந்து கிடையாது, கண்ணாடியை பெருசாக்கினா விரிவு குறையும், அவ்வளவுதான். 30 சென்டிமீட்டர் கண்ணாடியில இருந்து 1 மைக்ரான் அலைநீளத்துல கிளம்புற கதிர், எந்த குறையும் இல்லாத காத்துல கூட, 5 கிலோமீட்டர் தூரத்துல 4 சென்டிமீட்டர் அகல வட்டமா இருக்கும். அதே கதிர் 50 கிலோமீட்டர் போனா 40 சென்டிமீட்டர் வட்டம். அகலம் 10 மடங்கு கூடினா பரப்பு 100 மடங்கு கூடுது, அப்போ ஒரு சதுர சென்டிமீட்டர் மேல விழுற சக்தி நூறுல ஒரு பங்கா குறையுது. 5 கிலோமீட்டர்ல ஓட்டை போடுற அதே கருவி 50 கிலோமீட்டர்ல நூறுல ஒரு பங்குதான் சுடும். இந்த ஒரு கணக்கு மனசுல இருந்தா நூறு கிலோமீட்டருக்கு அப்பால விமானத்தை லேசரால அடிச்சாங்கன்னு வர்ற செய்திகளை நீங்களே எடை போட்டுக்கலாம்.

ரெண்டாவது தடை காத்து. இதுல மூணு விஷயம் கலந்திருக்கு. மூடுபனி, மழை, தூசி, புகை எல்லாம் கதிரை சிதறடிக்கும், இது எல்லாருக்கும் தெரிஞ்சது. அடுத்தது காத்தோட கொந்தளிப்பு, தார் ரோட்டு மேல மத்தியானத்துல காட்சி நெளியுற மாதிரி கதிரும் நெளியும், இதை சரிகட்ட விநாடிக்கு நூத்துக்கணக்கான தடவை தன் வடிவத்தை மாத்திக்கிற கண்ணாடி வைக்கிறாங்க, அதுக்கு அடாப்டிவ் ஆப்டிக்ஸ்னு பேரு, பெரிய டெலஸ்கோப்புகள்லயும் இதே நுட்பம்தான். மூணாவது கொஞ்சம் விசித்திரமானது. கதிர் போற பாதையில இருக்கிற காத்தே கதிரால சூடாகி, லேசா விரிஞ்சு, ஒரு மோசமான லென்ஸ் மாதிரி ஆகி கதிரை இன்னும் பரப்பி விடும், இதை தெர்மல் புளூமிங்னு சொல்றாங்க. சக்தியை கூட்டக் கூட்ட இது மோசமாகும், அதுனால வாட் கூட்டிக்கிட்டே போனா எல்லாம் சரியாயிடும்ங்கிற யோசனை ஒரு அளவுக்கு மேல வேலை செய்யாது.

மூணாவது தடைதான் முக்கியமானது, லேசர் தன்னையே சுட்டுக்கிறது. இன்னிக்கு ஆயுதத்துக்கு பயன்படுத்துறது பெரும்பாலும் ஃபைபர் லேசர், நிறைய ஃபைபர்ல இருந்து வர்ற கதிர்களை ஒண்ணா சேர்த்து ஒரே கதிரா அனுப்புவாங்க. இதுல உள்ள போற மின்சாரத்துல மூணுல ஒரு பங்குதான் ஒளியா வெளிய வரும்னு வச்சுக்கலாம், இதுவே நல்ல திறன்தான். அப்போ 100 கிலோவாட் கதிர் வேணும்னா 300 கிலோவாட் மின்சாரம் வேணும், மிச்சம் 200 கிலோவாட் கருவிக்குள்ளயே சூடா தங்கிடும். இலக்கை சுடுறதை விட ரெண்டு மடங்கு சூட்டை நம்மகிட்டயே வச்சுக்கிட்டு சமாளிக்கணும்.

மின்சாரம் கூட பெரிய தலைவலி இல்லை. 300 கிலோவாட் அஞ்சு விநாடின்னா அரை யூனிட்டுக்கும் குறைவு, ஒரு எலெக்ட்ரிக் கார் பேட்டரியில இருந்தே நூறு தடவைக்கு மேல அடிக்கிற அளவு சக்தி கிடைக்கும். ஆனா ஒவ்வொரு அடிக்கும் உள்ள தங்குற சூடு 10 லட்சம் ஜூல், அது 3 கிலோ ஐஸை உருக்கற அளவு. பத்து தடவை அடிச்சா 30 கிலோ ஐஸ். அதை வெளியேத்தாம அடுத்த அடி அடிக்க முடியாது, லேசரோட கண்ணாடிகளும் ஃபைபரும் கெட்டுப்போகும். லேசருக்கு குண்டே தீராதுன்னு எல்லா விளம்பரத்துலயும் சொல்றாங்களே, அது பாதி உண்மைதான். குண்டு தீராது, ஆனா சூடு தாங்குற அளவு தீர்ந்துடும், ஆற விடணும்.

747 விமானத்துல லேசர் வச்ச கதை

விமானத்துல லேசர் வைக்கிறது புது யோசனை இல்லை. 1983லயே அமெரிக்கா கேசி-135 வகை விமானத்துல லேசர் வச்சு, பறக்குற அஞ்சு சைட்வைண்டர் ஏவுகணைகளை வீழ்த்திக் காட்டினாங்க. சோவியத் யூனியனும் இல்யூஷின்-76 விமானத்தை மாத்தி ஏ-60ன்னு ஒரு லேசர் விமானத்தை 1981லயே பறக்க விட்டுச்சு. ஆனா பெரிய முயற்சின்னா அது அமெரிக்காவோட ஒய்ஏஎல்-1 லேசர் விமானம்தான், அதை கொஞ்சம் விரிவா பார்க்கணும், ஏன்னா இன்னிக்கு பேசுற எல்லா பிரச்சினையும் அதுல ஏற்கனவே வந்துட்டுப் போயிருக்கு.

எதிரி நாட்டுல இருந்து கிளம்புற பாலிஸ்டிக் ஏவுகணையை, அது மேல ஏறிட்டு இருக்கும்போதே அடிக்கணும்ங்கிறதுதான் திட்டம். அந்த நேரத்துல ஏவுகணை மெதுவா போகும், பின்னாடி பெரிய தீ தெரியும், எரிபொருள் டேங்க் அழுத்தத்துல இருக்கும், தோல் கொஞ்சம் பலவீனமானாலே தானா கிழிஞ்சுடும். நல்ல யோசனைதான். இதுக்காக போயிங் 747 சரக்கு விமானத்தோட மூக்குல 1.5 மீட்டர் கண்ணாடி வச்ச ஒரு சுழலும் கோபுரம் வச்சாங்க. உள்ள இருந்தது கெமிக்கல் லேசர், குளோரின், ஹைட்ரஜன் பெராக்சைடு, அயோடின் இதெல்லாம் கலந்து நடக்குற வேதிவினையில இருந்து மெகாவாட் அளவு ஒளி. கெமிக்கல் லேசரை ஏன் எடுத்தாங்கன்னா அதுல சூட்டை சுமக்க வேண்டியதில்லை, சூடான வாயுவோட சேர்த்து வெளிய தள்ளிடலாம். ஆனா அதுக்கு பதிலா டன் கணக்குல ஆபத்தான ரசாயனத்தை சுமக்கணும், தீர்ந்துட்டா தரையிறங்கித்தான் நிரப்பணும்.

2010 பிப்ரவரி 11ல கலிஃபோர்னியா கடலோரத்துல இந்த விமானம் பறக்குற ஒரு பாலிஸ்டிக் ஏவுகணையை உண்மையாவே வீழ்த்திச்சு. அந்த பொறியாளர்கள் செஞ்சது சாதாரண வேலை இல்லை, ஆடுற விமானத்துல இருந்து, கொந்தளிக்கிற காத்து வழியா, ஓடுற ஏவுகணையை விடாம பிடிச்சு நிறுத்தினது பெரிய சாதனை. இருந்தும் 2011 டிசம்பர்ல திட்டத்தை மூடிட்டாங்க, 2014ல விமானத்தையே உடைச்சுட்டாங்க. 15 வருஷம், 500 கோடி டாலருக்கும் மேல செலவு.

ஏன் மூடினாங்கன்னா வேலை செய்யலைங்கிறதால இல்லை, தூரம் பத்தலை. அப்போ பாதுகாப்பு அமைச்சரா இருந்த ராபர்ட் கேட்ஸ் 2009லயே நாடாளுமன்றத்துல சொன்னது இதுதான்: லேசரோட சக்தி இப்போ இருக்கறதை விட 20, 30 மடங்கு கூடினாத்தான் பாதுகாப்பான தூரத்துல இருந்து அடிக்க முடியும், இல்லைன்னா ஈரான் எல்லைக்கு உள்ளயே போய் வட்டமடிச்சுக்கிட்டு ஏவுகணை கிளம்புறதுக்கு காத்திருக்கணும். எதிரி நாட்டு வானத்துல ஒரு 747 வட்டமடிச்சா எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? செய்ய முடியுமாங்கிறது ஒரு கேள்வி, செஞ்சதை வச்சு சண்டை போட முடியுமாங்கிறது வேற கேள்வி. 747 முதல் பரீட்சையில பாஸ் ஆகி ரெண்டாவதுல ஃபெயில் ஆச்சு.

தரையிலயும் கடல்லயும் இப்போ என்ன நிலை

இங்க நிலைமை வேற, சின்ன இலக்கை கிட்டத்துல அடிக்கிற வேலைக்கு லேசர் நிஜமாவே வந்துடுச்சு.

1. 2014ல அமெரிக்க கடற்படை போன்ஸ் கப்பல்ல 30 கிலோவாட் அளவு லேசரை வச்சு பாரசீக வளைகுடாவுக்கு அனுப்புச்சு. 2020 மே மாசம் போர்ட்லேண்ட் கப்பல்ல இருந்து 150 கிலோவாட் லேசர் ஒரு டிரோனை வீழ்த்திச்சு.
2. பிரிட்டனோட டிராகன்ஃபயர் வானத்துல பறக்குற இலக்கை அடிச்சதா 2024 ஜனவரியில அறிவிச்சாங்க, ஒரு தடவை சுட 10 பவுண்டுக்கும் குறைவுன்னு கணக்கு சொன்னாங்க.
3. இந்தியாவோட டிஆர்டிஓ 2025 ஏப்ரல் 13ல கர்னூல்ல 30 கிலோவாட் லேசரால டிரோனை வீழ்த்திக் காட்டிச்சு.
4. அயர்ன் பீம் 100 கிலோவாட் வகை, ராக்கெட், மோர்ட்டார் குண்டு, டிரோன் இதெல்லாம் அதோட இலக்கு.

இதுல எதுவுமே போர் விமானத்தை எதிர்க்கவோ நூறு கிலோமீட்டர் தாண்டி அடிக்கவோ செஞ்சது இல்லைங்கிறதை கவனிக்கணும், எல்லாம் சில கிலோமீட்டர் தூரத்து வேலை. அப்புறம் ஏன் எல்லா நாடும் இதுல பணத்தை கொட்டுதுன்னா காரணம் பணமேதான். சில பத்தாயிரம் டாலர் பெறுமான டிரோனை அடிக்க பேட்ரியாட் மாதிரி பல லட்சம் டாலர் ஏவுகணையை விட்டா யாருக்கும் கட்டுபடியாகாது, அனுப்பறவன் நூறு டிரோன் அனுப்பினா தடுக்கறவன் கிடங்கே காலியாயிடும். கப்பல்ல ஜெனரேட்டர் இருக்கு, சுத்தி கடல் தண்ணி இருக்கு, சூட்டை அதுல தள்ளிடலாம். லாரியில எடை பெரிய விஷயமில்லை, பெரிய கூலிங் யூனிட்டை இன்னொரு லாரியில கூட வைக்கலாம். சூடு போறதுக்கு இடம் இருக்கிற இடத்துலதான் லேசர் முதல்ல வேர் பிடிக்குது.

அதையே போர் விமானத்துல வச்சா என்ன ஆகும்

இங்கதான் கணக்கு இடிக்குது. போர் விமானத்துல ஏற்கனவே ரேடார், கம்ப்யூட்டர், சென்சார் எல்லாம் சேர்ந்து வெளிவிடுற சூட்டையே சமாளிக்க முடியாம திணறுறாங்க. எஃப்-35ல கூலிங் தேவை, வடிவமைக்கும்போது நினைச்ச சுமார் 15 கிலோவாட்டை விட ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு, என்ஜின்ல இருந்து கூடுதலா காத்தை இழுத்து ஆத்துறாங்க, அதுனால என்ஜின் சீக்கிரம் தேயுது. முப்பது கிலோவாட்டுக்கே இந்த நிலைன்னா 200 கிலோவாட்டை எங்க தள்றது?

பெரும்பாலான போர் விமானங்கள் சூட்டை தன் எரிபொருள்லயே தள்ளும், குளிர்ந்த எரிபொருள் சூட்டை வாங்கிக்கிட்டு என்ஜினுக்குள்ள போய் எரிஞ்சுடும். அழகான ஏற்பாடு, ஆனா பறக்கப் பறக்க டேங்க்ல எரிபொருள் குறையும், சூட்டை வாங்கிக்கிற ஆளும் குறையும். சண்டை முடிஞ்சு திரும்புற நேரத்துல, லேசர் ரொம்ப தேவைப்படலாம்ங்கிற அந்த நேரத்துலதான் ஆத்துறதுக்கு ஒண்ணும் மிச்சமிருக்காது. சூட்டை தோல் வழியா வெளிய விட்டா இன்ஃப்ராரெட் சென்சாருக்கு விமானம் விளக்கு மாதிரி தெரியும், அப்புறம் ரேடார் கண்ணுல படாம மறைக்கிற ஸ்டெல்த் எதுக்கு?

இதோட காத்தும் சேர்ந்துக்குது. ஒலி வேகத்துக்கு பக்கத்துல பறக்கும்போது லேசர் கோபுரத்தை ஒட்டி ஓடுற காத்து சுழிச்சு, அதிர்ச்சி அலையா மாறி, கதிர் வெளிய வர்ற இடத்துலயே அதை கலைச்சுடும், முக்கியமா பின்பக்கம் பார்த்து சுடும்போது. பின்னாடி இருந்து வர்ற ஏவுகணையை அடிக்கத்தானே விமானத்துக்கு லேசரே வேணும்.

அதுனாலதான் அமெரிக்க விமானப்படை போர் விமானத்துக்கு வெளிய தொங்குற லேசர் பெட்டியா உருவாக்கின ஷீல்டு திட்டம், போர் விமானத்துல ஒரு தடவை கூட பறந்து சோதிக்காமலே 2024ல முடிஞ்சுபோச்சு. ஏசி-130ஜே பெரிய விமானம், அதுல வைக்க நினைச்ச 60 கிலோவாட் லேசரையும் அதே வருஷம் கைவிட்டாங்க. இயற்பியல் விதி எதுவும் இதை தடுக்கலை, ஆனா எடை, சூடு, காத்து மூணும் ஒரே நேரத்துல கையைப் பிடிக்குது. விமானத்துல லேசர் வந்தா முதல்ல வரப்போறது ஓட்டை போடுற லேசரா இருக்காது, ஏவுகணையோட கண்ணை கூச வைக்கிற சின்ன லேசரா இருக்கும், அது இப்பவே போக்குவரத்து விமானங்கள்லயும் ஹெலிகாப்டர்கள்லயும் இருக்கு, அதுக்கு கிலோவாட் கணக்கே தேவையில்லை.

வேகம் ஏன் 50 வருஷமா கூடலை

1964ல முதல் தடவை பறந்த மிக்-25 மாக் 2.8 வரைக்கும் போகும். 1972ல வந்த எஃப்-15 மாக் 2.5. எஃப்-47 பத்தி அமெரிக்க விமானப்படை வெளியிட்ட தகவல்ல இருக்கிறது மாக் 2க்கு மேலன்னு மட்டும்தான். மாக்ங்கிறது ஒலியோட வேகத்தோட மடங்கு, மாக் 2ன்னா ஒலியை விட ரெண்டு மடங்கு. அரை நூற்றாண்டு கழிச்சும் வேகம் கூடலையே, தொழில்நுட்பம் வளரலையான்னு கேட்டா, சூடுதான் பதில்.

விமானம் வேகமா போகும்போது முன்னாடி இருக்கிற காத்து அமுங்கி சூடாகுது. காத்தோட வெப்பம் மைனஸ் 56 டிகிரி இருக்கிற உயரத்துல, முன் விளிம்புல முட்டி நிக்கிற காத்தோட வெப்பம் இப்படி ஏறும்:

1. மாக் 2ல சுமார் 117 டிகிரி. அலுமினியம் தாங்கும்.
2. மாக் 3ல சுமார் 330 டிகிரி. அலுமினியம் பலம் இழந்துடும், டைட்டானியம் வேணும்.
3. மாக் 5ல ஏறத்தாழ 1000 டிகிரி. டைட்டானியமும் போதாது.

வேகம் ரெண்டு மடங்கானா இந்த ஏற்றம் நாலு மடங்காகும்ங்கிறதுதான் இதுல கொடுமை. எஸ்ஆர்-71ங்கிற அமெரிக்க உளவு விமானம் மாக் 3க்கு மேல போச்சு, 1976ல மணிக்கு 3,529 கிலோமீட்டர்னு அது வச்ச சாதனையை ஆள் ஓட்டுற, ஜெட் என்ஜின் வச்ச விமானம் எதுவும் இன்னும் முறியடிக்கலை. அதுக்கு உடம்பு பெரும்பகுதி டைட்டானியம், தனியா தயாரிச்ச எரிபொருள், சூட்டுல உலோகம் விரியும்னு விட்டு வச்ச இடைவெளி வழியா தரையில நிக்கும்போது எரிபொருள் ஒழுகும். 1967 அக்டோபர் 3ல எக்ஸ்-15 ராக்கெட் விமானம் மாக் 6.7 போச்சு, திரும்பி வந்தப்போ வாலுக்கு கீழ அதிர்ச்சி அலையோட சூட்டுல ஓட்டை விழுந்து கருகியிருந்துச்சு, அந்த விமானம் அப்புறம் பறக்கவே இல்லை.

காத்தையே உறிஞ்சி இந்த வேகத்துல ஓடுற ஸ்கிராம்ஜெட் என்ஜினும் இருக்கு. எக்ஸ்-43ஏ 2004ல மாக் 9.6 தொட்டுச்சு, என்ஜின் எரிஞ்சது பத்து விநாடி போல. எக்ஸ்-51ஏ 2013 மே 1ல மாக் 5.1 போச்சு, மூணரை நிமிஷம் எரிஞ்சது. ரெண்டுமே ஆளில்லாதது, ரெண்டையும் வேற விமானம் சுமந்து போய், ராக்கெட்டால தள்ளி விட்டுத்தான் ஆரம்பிச்சாங்க, ஏன்னா ஸ்கிராம்ஜெட் நின்ன இடத்துல இருந்து ஓடாது. ரன்வேயில இருந்து கிளம்பி மாக் 5 போய் திரும்பி இறங்கணும்னா ரெண்டு வகை என்ஜின் ஒரே உடம்புல வேணும்.

இன்னொண்ணு நிறைய பேர் யோசிக்காதது, திரும்புறது. மாக் 5ல போற விமானம் 3 ஜி விசையில, அதாவது புவியீர்ப்பை விட மூணு மடங்கு விசையில திரும்பினா அது போடுற வட்டத்தோட ஆரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். சின்ன வட்டத்துல வளைஞ்சு வளைஞ்சு துரத்துற சண்டை அந்த வேகத்துல நடக்காது. அதுனால ஹைபர்சானிக் வேகம், அதாவது மாக் 5க்கு மேல போற வேகம், ஏவுகணைக்கு பொருந்தும், ஒரு தடவை போய் விழுந்தா போதும், பல வருஷம் பறக்க வேண்டிய விமானத்துக்கு அது ரொம்ப பெரிய விலை.

ஸ்டெல்த்: மறையுறது எவ்வளவு கஷ்டம்

ஸ்டெல்த்னா ரேடார்ல சுத்தமா தெரியாம போறது இல்லை, ரொம்ப கிட்ட வந்த பிறகுதான் தெரியறது. ரேடார் கண்டுபிடிக்கிற தூரம், விமானம் திருப்பி அனுப்புற எதிரொலியோட நாலாம் மூலத்தைப் பொறுத்து மாறும். புரியற மாதிரி சொன்னா, எதிரொலியை 16ல ஒரு பங்கா குறைச்சா தூரம் பாதியாத்தான் குறையும், தூரத்தை பத்துல ஒரு பங்கா குறைக்க எதிரொலியை பத்தாயிரத்துல ஒரு பங்கா குறைக்கணும். சின்ன லாபத்துக்கு பெரிய உழைப்பு. அதுனாலதான் செங்குத்து வாலையே எடுத்துடறாங்க, அது பக்கவாட்டுல நல்லா எதிரொலிக்கும், நீளமான அலைநீள ரேடாருக்கு வசதியா மாட்டும். வால் இல்லாம விமானம் நேரா பறக்க கம்ப்யூட்டர் ஓயாம இறக்கையோட மடிப்புகளை ஆட்டிக்கிட்டே இருக்கணும், அது இப்போ முடியும், பி-2 குண்டுவீச்சு விமானம் 1989லயே அப்படித்தான் பறந்துச்சு.

1999 மார்ச் 27ல செர்பியாவுல எஃப்-117 ஸ்டெல்த் விமானத்தை பழைய எஸ்-125 ஏவுகணையால வீழ்த்தினதையும் மறக்கக் கூடாது, ஸ்டெல்த் கவசம் இல்லை, நேரம் வாங்கிக் கொடுக்குற ஒரு வழி.

அப்போ ஆறாம் தலைமுறைல புதுசா என்னதான் இருக்கு

தலைமுறைங்கிறது சட்டம் போட்டு வகுத்தது இல்லை, பாதி விளம்பரச் சொல். ஆனா மாற்றம் இருக்கு, அது வேகத்துலயும் லேசர்லயும் இல்லாம வேற இடத்துல இருக்கு.

1. தூரம். எஃப்-47 தளத்துல இருந்து கிளம்பி, சண்டை போட்டுட்டு திரும்பக்கூடிய ஆரம் 1,000 கடல் மைலுக்கு மேல, சுமார் 1,850 கிலோமீட்டர்னு சொல்லியிருக்காங்க, எஃப்-22ஐ விட இது ரொம்ப அதிகம். பசிபிக் கடல் பெருசு, எரிபொருள் நிரப்புற விமானம் கிட்ட வந்தா அதையே அடிச்சுடுவாங்க.
2. என்ஜின். அடாப்டிவ் என்ஜின்னு ஒண்ணு உருவாக்குறாங்க, ஜெனரல் எலெக்ட்ரிக்கோட எக்ஸ்ஏ102, பிராட் அண்ட் விட்னியோட எக்ஸ்ஏ103. வழக்கமான போர் விமான என்ஜின்ல காத்து ரெண்டு பாதையில ஓடும், இதுல தேவைக்கு திறந்து மூடுற மூணாவது பாதை ஒண்ணு இருக்கு. எரிபொருள் மிச்சமாகும், கூடவே அந்த மூணாவது பாதையில ஓடுற குளிர்ந்த காத்து சூட்டை அள்ளிக்கிட்டுப் போகும். செய்தியில இதை யாரும் பெருசா போடறதில்லை, ஆனா இந்த விமானத்தோட எதிர்காலம் இதுலதான் இருக்குன்னு நினைக்கிறேன், நாளைக்கு லேசர் வைக்கணும்னாலும் வாசல் இதுதான்.
3. கூட பறக்குற ஆளில்லா விமானங்கள். அமெரிக்காவோட ஒய்எஃப்க்யூ-42ஏ 2025 ஆகஸ்ட்லயும் ஒய்எஃப்க்யூ-44ஏ அக்டோபர்லயும் முதல் தடவை பறந்துச்சு. மனுஷன் 9 ஜிக்கு மேல தாங்க மாட்டான், ஆளில்லாதது தாங்கும்னு சொல்வாங்க, அது சின்ன விஷயம். பெரிய விஷயம் என்னன்னா விலை குறைவு, போனா போகட்டும்னு முன்னாடி அனுப்பலாம்.

பிரிட்டன், ஜப்பான், இத்தாலி மூணும் சேர்ந்து 2035க்குள்ள ஒரு விமானம் கொண்டு வரப்போறதா சொல்றாங்க, அதுலயும் இதே வரிசைதான்.

அடிக்கடி வர்ற சந்தேகங்கள்

1. கண்ணாடி மாதிரி பளபளப்பா செஞ்சா லேசர்ல இருந்து தப்பிக்கலாமா? கொஞ்ச நேரம் தப்பிக்கலாம். எந்த கண்ணாடியும் நூறு சதவீதம் திருப்பி அனுப்பாது, ஒரு தூசி எரிஞ்சு கறை விழுந்தா அந்த இடம் உறிஞ்ச ஆரம்பிச்சு மளமளன்னு கெட்டுப்போகும். சுழலுறது, கருகி உதிருற பூச்சு பூசுறது இதெல்லாம் அதை விட நல்லா உதவும்.
2. கதிர் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. 1 மைக்ரான் அலைநீளம் இன்ஃப்ராரெட், சத்தமும் வராது. பச்சை, சிவப்பு கோடு பறக்கிற வீடியோன்னா கிராஃபிக்ஸ்தான்.
3. மனுஷங்க கண்ணைக் குருடாக்க பயன்படுத்தலாமா? நிரந்தரமா குருடாக்கறதுக்குன்னே செய்யற லேசர் ஆயுதத்தை 1995ல கொண்டு வந்த சர்வதேச உடன்படிக்கை தடை செய்யுது, 1998ல இருந்து அமல்ல இருக்கு.
4. ஹைபர்சானிக் ஏவுகணையை லேசரால தடுக்கலாமா? ஒளி வேகத்துக்கு முன்னாடி மாக் 5 எம்மாத்திரம்னு தோணும். ஆனா அந்த ஏவுகணை விநாடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வருது, லேசருக்கு எட்டுற கடைசி பத்து கிலோமீட்டரை 7 விநாடியில தாண்டிடும், நமக்கு பிடிச்சு நிக்கவே அஞ்சு விநாடி வேணும். அதை விட முக்கியம், அது ஏற்கனவே ஆயிரம் டிகிரி காத்துக்குள்ள பறக்கறதுக்குன்னு செஞ்ச பொருள், அதோட மூக்கும் முன் விளிம்பும் அந்த சூட்டைத் தாங்கத்தான் இருக்கு. நம்மகிட்ட இருக்கிற ஒரே ஆயுதம் சூடு, எதிர்ல வர்றது சூட்டுக்குள்ளயே பறந்து வருது.